பெண்மகவுக்கு இட்ட அரும்பெயர்கள்

மக்கட் பெயர்களைக்கொண்டு ஒரு நாட்டின் சமயம், குலம், மொழி ஆகியவற்றை ஆராய்தல் அறிஞர் பலரும் மேற்கொண்ட நெறியாகும். ஊர்தோறும் பலர்க்கு வழங்கும் பொதுப்பெயர்களே அவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வன. ஒருவர்க்கோ ஒரு சிலர்க்கோ அமைந்து, கேட்டார் வியக்கும் அரும்பெயர்கள் விதிவிலக்கென ஒதுக்கப்பெறுகின்றன. ஆயினும், பொதுப்பெயரைப் பெற்றோர் வழக்கத்தினின்று எடுத்துக்கொள்கின்றனர். அரும்பெயரையோ தேர்ந்து இடுகின்றனர். தேர்ந்த இடத்திலேதான் இட்டவர் உள்ளம் வெளிப்படும். ஆதலின், தமிழகத்தில் பெண்மகவுக்கு இடப்பட்ட அரும்பெயர்கள் சிலவற்றை ஈண்டு எடுத்துக்கொண்டு, அவை யாரை நோக்கி இடப்பட்டன என்னும் ஒரு வினாவை மட்டும் ஆராய்வாம்.

முதற்கண் சோழர் காலத்தை நோக்குவாம். அரச குடும்பத்து மகளிர்க்கு அரும்பெயர் மிகுதியும் இருந்திருக்கும் என எண்ணத் தோன்றும். கல்வெட்டுக்கள் காட்டும் நிலை வேறு. செம்பியன் மாதேவி, பஞ்சவன் மாதேவி, வானவன் மாதேவி என்பன குடிப்பெயரும் சிறப்பும் இணைந்த பட்டங்களே. கண்டராதித்தரின் தேவியாராய்க் கற்றளிகள் பல எடுப்பித்த அம்மையாரை நாம் செம்பியன் மாதேவி என்றே அறிவோம். அது சோழன் பெருந்தேவி என்னும் அளவிற் பொருள்படுவது. குந்தவை என்னும் பெயரோ ஒரே குடியில் மீண்டும் மீண்டும் வருவது. முதல் இராசராசனுடைய தமக்கையும் குந்தவை, விமலாதித்தனை மணந்த அவன் மகளும் குந்தவை. இராசராசன் தேவியருள் உலகமாதேவியார் தந்திசத்தி விடங்கி என்னும் தனிப்பெயரோடும் குறிக்கப்பெறுகிறார். திருவையாற்றில் அவர் எடுப்பித்த கோயில் உலகமாதேவி ஈச்சுரம் எனப்பட்டது.

அக்கோயிலைச் சார்ந்த பெண்ணொருத்தியின் பெயரோடுதான் தமிழகத்துப் பெண்பெயர் வரலாற்றின் மிகப்பெரிய சான்று தொடங்குகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலிற் பொறிக்கப்பெற்று, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி இரண்டில் 66ஆம் எண்ணாக வெளிவந்துள்ள கல்வெட்டே அது. இராசராசனது 29ஆம் ஆட்சியாண்டு, அஃதாவது கி.பி. 1014 வரை அவன் அளித்த நிவந்தங்களைக் கூறும் இக்கல்வெட்டு, சோழமண்டலத்துக் கோயில்கள் பலவற்றினின்றும் கொணர்ந்து தஞ்சையிற் குடியேற்றப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, தெரு, சிறகு, வீட்டெண் ஆகியவற்றோடு ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி நிறுத்துகின்றது. ஒருவர்க்கு ஒரு பங்கு; ஒரு பங்குக்கு ஒரு வேலி நிலத்தின் விளைவாக நெல் 100 கலம்.

இவர்கள் பெயர்க்கு முன்னர் ‘நக்கன்’ என்னும் சொல் வருகின்றது. அது சிவபெருமானைக் குறிக்கும் பொதுச்சொல். அதனை நீக்கின் எஞ்சுவதே தனிப்பெயர். அவ்வாறு எஞ்சும் பெயர்கள் வியப்பிற்குரியன. சேரமங்கை, தில்லை அழகி, சோழகுலசுந்தரி என்பன பெண்பாற்பெயராகவே தோன்றுவன. ஆனால் மறைக்காடு, திருவையாறு என ஊர்ப்பெயரே பெண்பெயராய் நிற்பதையும் காண்கின்றோம். இராசகேசரி என்னும் பெயரோ சோழ வேந்தர் ஒருவர் விட்டு ஒருவர் பூண்ட பட்டம். அதுவும் ஒருத்தி பெயராய் உள்ளது. இவற்றினும் சிறந்தவை எடுத்தபாதம், மழலைச்சிலம்பு என்னும் இரண்டுமாம். முன்னது ஆடும் இறைவனின் தூக்கிய திருவடி. பின்னது அடியிற் பூணும் அணி. இரண்டும் அஃறிணைச் சொற்கள். ‘எடுத்தபாதம் வந்தாள்’ என அஃறிணைப் பெயர் உயர்திணை வினை கொண்டு முடியும் புதுமை இப்பெயரால் அன்றாடப் பேச்சில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஆடற்பணி செய்த மகளிர்க்கு அடியும் சிலம்பும் பெயராயின என்பது பொருத்தமே. இப்பெண்டுகட்குரிய நெல் அளக்கப்பெற்ற மரக்காலின் பெயரும் ஆடவல்லான் என்பது. அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது. எனவே, எடுத்தபாதம் என்பாள் ஆடவல்லானால் அளந்த நெல்லைப் பெற்றாள். இராசகேசரி என்பாள் தன் பெயரே கொண்ட அளவையோடு ஒத்த நெல்லைப் பெற்றாள். ஆளும் அளவையும் ஒரே பெயர்த் தொகுதியினின்று பெயர் பெற்ற காலம் அது.

இப்பெயர்கள் பிறப்பில் இடப்பெற்றனவோ, தளியிற் சேர்ந்தபோது இடப்பெற்றனவோ, கல்வெட்டுக் கூறிற்றில்லை. எப்போது இடப்பெற்றனவாயினும், அவை நோக்கியது இறைவனையும் வேந்தனையும் ஊரையுமே என்பது தெளிவு. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இம்மகளிர் இன்னார் மகள், இன்னார் மனைவி எனக் குறிக்கப்பெறாது, தம் பெயரானே வீடும் பங்கும் உடையவராகக் குறிக்கப்பெற்றனர். பட்டத்துள் மறைந்த தேவியரினும், பங்கு பெற்ற இப்பெண்டிர் பெயர்கள் நமக்கு நன்கு விளங்குகின்றன. அதுகொண்டு அவர் வாழ்வு உரிமை வாழ்வு எனக் கொள்ளுதல் பொருந்தாது. அரசன் ஆணையால் ஊர்விட்டு ஊர் கொணரப்பெற்றவர் அவர். அவர் விருப்பத்தைக் கல் பேசவில்லை.

இனி, கல்லெழுத்தை விடுத்து நாட்டுப்புற வழக்கிற்கு வருவாம். இங்கே பெண்மகவின் அரும்பெயர் இரு திறத்தன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவாரும் உளர், அது பிழையாகும். பிறந்த மகவுகள் அடுத்தடுத்து இறந்த இல்லத்தில், பின்னர்ப் பிறந்த மகவைக் குப்பையிற் கிடத்தி எடுத்தலும், தவிட்டுக்கு விற்று மீள வாங்குதலும், பிச்சை கேட்டுப் பெற்றதாகப் பாவித்தலும் மரபு. குப்பம்மாள், பிச்சையம்மாள் என்னும் பெயர்கள் இவ்வாறு தோன்றின. குப்புசாமி, பிச்சை என ஆண்மகவும் இப்பெயர் பெறும். பெயர் இழிந்ததாயினும் நோக்கம் உயர்ந்தது. கூற்றுவன் கண்ணினின்றும் மகவை மறைத்தலே அதன் பயன். ஈண்டுப் பெயர் மகவுக்கு ஒரு காப்பு.

மற்றொரு திறம் வேண்டாம், போதும்பொண்ணு என்னும் பெயர்களாம். பெண்மக்கள் பலர் பிறந்த வீட்டில், அடுத்ததேனும் ஆணாகப் பிறத்தல் வேண்டும் என்னும் வேட்கையால் கடைசிப் பெண்ணுக்கு இடப்படுவன இவை. திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ‘வேண்டாம்’ என்னும் பெயருடைய மகளிர் பலர் இருத்தலை 2019ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் எடுத்துக்காட்டின. குப்பம்மாளுக்குக் குப்புசாமி இணையாக உள்ளான். போதும்பொண்ணுக்கு இணையான ஆண்பெயர் வழக்கிற் காண்டல் அரிது. இவ்வேறுபாடு ஒன்றே இரண்டனையும் பிரித்துக்காட்டப் போதியது. முன்னது மகவு வாழவேண்டி இட்ட பெயர். பின்னது இன்னொரு மகவு வேண்டி இம்மகவுக்கு இட்ட பெயர்.

இலக்கண நோக்கிலும் இப்பெயர்கள் ஆராயத்தக்கன. எடுத்தபாதம் என்பது பெயரெச்சம் கொண்டு முடிந்த பெயர். வேண்டாம் என்பதோ எதிர்மறை பொருள்தரும் முற்றுச்சொல். தானே ஒரு வாக்கியமாய் நிற்பது. அவ்வாக்கியத்திற்குச் சொல்வோர் உண்டு, அவர் பெற்றோர். கேட்போர் உண்டு, அது தெய்வம். சொல்லப்படும் பொருளாய் நிற்பவளே அம்மகவு. தன்மை பெற்றோர்க்கும், முன்னிலை தெய்வத்திற்கும் உரியவாக, தன் பெயருக்குள்ளேயே அப்பெண் படர்க்கையாய் நிற்கின்றாள். பள்ளியில் ஆசிரியர் அவளை விளிக்குந்தோறும் அப்பழைய விண்ணப்பமே மீண்டும் ஓதப்படுகின்றது. விடையிறுக்க வேண்டியவளோ அவள். இதுவே இப்பெயரின் கொடுமை என்க.

இக்கொடுமை தமிழகத்திற்கே உரியதன்று. மராட்டிய நாட்டில் ‘நகுசா’ என்னும் பெயர் விரும்பப்படாதவள் எனப் பொருள்படுவது. சாத்தாரா மாவட்டத்தில் அப்பெயர் பூண்ட சிறுமியரைக் கணக்கெடுத்து, 2011ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மாவட்ட நிருவாகத்தார் ஒரு விழா நடத்தினர். 285 சிறுமியர் பழம்பெயர் நீத்துப் புதுப்பெயர் பூண்டு சான்றிதழ் பெற்றனர். அவருள் தெய்வப் பெயரைக் கொண்டாரும் உளர். திரைப்பட நடிகையர் பெயரைக் கொண்டாரும் உளர். எளிய பெயர்களே ஆயினும் அவை தாம் விரும்பிக் கொண்டவை. படர்க்கையாய் நின்றவர் தன்மையிடத்திற்கு வந்த நிகழ்ச்சி அஃதாகும்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் அரும்பெயர் தோன்றுதற்கு மூன்றாவதொரு காரணம் ஏற்பட்டது, அஃது இயக்கம். 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் நெறியை மேற்கொண்ட வேதாசலனார் மறைமலையடிகள் ஆயினார். தம் மக்கள் பெயரையும் அவர் தமிழாக்கினார். திரிபுரசுந்தரி என்னும் மகளார் பெயர் முந்நகரழகி ஆயிற்று. அடிகளின் மற்றொரு மகளாரோ தனித்தமிழ்க்கு உழைத்து, வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசையாக்கிய பின்னரும், நீலாம்பிகை என்னும் பெயராலேயே நூலுலகில் விளங்கினார். ஒரு தந்தையின் இருவேறு காலத்துக் கருத்துக்கள் இரு மகளிர் பெயரில் நிலைபெற்றன எனலாம். பெரியார் ஈ. வெ. இராமசாமி 1932ஆம் ஆண்டிற் சோவியத்து நாடு சென்று மீண்ட பின்னர், சுயமரியாதைக் குடும்பங்களில் ரஷ்யா, மாஸ்கோ என்னும் பெயர்களும் மகவுகளுக்கு இடப்பட்டன. இங்குப் பெயர் நோக்கியது தெய்வத்தையன்று, சமுதாயத்தை. எனினும் மகவின் வழியாக மற்றொருவர்க்கு விடுத்த ஓலையாகவே பெயர் அமைந்தது என்பதில் இதுவும் முன்னையவற்றோடு ஒக்கும். இவ்வோலை இழிவு சுமத்தாது பெருமை சுமத்தியது என்பது வேற்றுமை. அக்காலத்துப் புதுமையெனத் தோன்றிய தமிழ்ப்பெயர்கள் பல, கயல்விழி, தேன்மொழி போல்வன, பின்னர் வகுப்புத்தோறும் வழங்கும் பொதுப்பெயர்கள் ஆயின. அருமை என்பது பெயரின் இயல்பன்று, காலத்தின் இயல்பு என்பதற்கு இவையே சான்று.

இதுகாறும் கூறியவற்றால், எடுத்தபாதம் இறைவனையும், குப்பம்மாள் கூற்றுவனையும், வேண்டாம் வரங்கொடுக்கும் தெய்வத்தையும், ரஷ்யா சமுதாயத்தையும் நோக்கி இடப்பெற்றமை பெறப்படும். பெயரைச் சுமந்தவளை நோக்கி இட்ட பெயர் எத்துணை என்னும் வினாவிற்கு விடை காண்டற்குச் சான்று குறைவு. என்னை? பெயரைப் பதிவோர் அதன் காரணத்தைப் பதிவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1969ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், பெயரின்றியே பிறப்பைப் பதியவும் பெயரைப் பின்னர்ச் சேர்க்கவும் இடந்தருகின்றது. ஆகவே, பெற்றோர் ஆர அமர எண்ணுதற்குக் காலம் உண்டு; எண்ணிய காரணத்தை எழுதுதற்கே அப்பதிவேட்டில் இடமில்லை.

அக்குறையை நிறைத்தல் ஆராய்ச்சி மாணவர் கடனாகும். ஊர்தோறும் சென்று சொல்லும் பழமொழியும் தொகுப்போர், அரும்பெயர் பூண்ட மகளிரையும் கண்டு, பெயர் வந்த வரலாற்றையும் அப்பெயரோடு வாழ்ந்த வரலாற்றையும் அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளல் வேண்டும். தஞ்சைக் கல்வெட்டு 400 பெண்களின் பெயரை ஆயிரம் ஆண்டு காத்தது. எடுத்தபாதம் என அழைக்கப்பெற்றவள் அதனை எங்ஙனம் ஏற்றாள் என்பதை இனி அறிய இயலாது. வேண்டாம் என அழைக்கப்பெறுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவரை நாம் கேட்டறியலாம்.