கீர்த்தனையும் கிதாரும்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர் தம் மொழியை எங்கெங்குப் பேணி வைத்திருக்கின்றனர் என்று கணக்கெடுக்கப் புகுவோர், பள்ளிக்கூடத்தையும் தமிழ்ச் சங்கத்தையும் முதலில் எண்ணுவர். வழிபாட்டுப் பாட்டைக் கடைசியில்தான் எண்ணுவர். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் அன்பர்கள் தம் வீட்டுப் பிள்ளைகளைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். தமிழில் ஒரு கடிதம் எழுத வராத பிள்ளை, தமிழ்ப் பாட்டு ஒன்றை முதலடி தொட்டு முடிவடி வரையில் தடையின்றிப் பாடும். அப்பாட்டுத் திரைப்பாட்டாக இருக்கலாம், திருப்புகழாக இருக்கலாம், கிறித்தவக் குடும்பமாயின் ஞானப்பாட்டாகவோ கீர்த்தனையாகவோ இருக்கலாம். கடைசியாகச் சொன்ன இவ்வகையைப் பற்றியே ஈண்டுப் பேசப் புகுகின்றோம். இற்றைநாள் இளைஞர் விரும்பிக் கேட்கும் கிறித்தவ 'ராக்' இசைத்தொகுப்புகள் எவ்வழியாக வந்தன, அவை வந்தபின் பழைய கீர்த்தனையின் நிலை யாது என்பதே நம் பொருள். களம் கேரளத்தின் கிழக்கு விளிம்பு: பாலக்காட்டுச் சித்தூர் வட்டமும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும்.

இந்நிலப்பகுதியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி அமைந்தது. தேயிலை பெருகப் பெருக, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிப் போடி வழியே மலையேற்றினர். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் பிறந்தபோது அதனுள் அடங்கின. பாலக்காட்டுப் பகுதியின் கதை வேறு. சித்தூர் வட்டம் கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. அங்குள்ள தமிழர் மலையேறி வந்த கூலிகளல்லர், தலைமுறை தலைமுறையாக நிலத்தை உழுதவர்கள். எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்து சென்றது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே எழுதிப் பேச இடந்தந்திருக்கிறது என்பதையும் குறித்துக் கொள்ளலாம்.

மலையேறி வந்தோருள் கிறித்தவரும் இருந்தனர். மூணாற்றில் கத்தோலிக்கரின் கார்மேல் மாதா கோயில் 1898இல் தோன்றியது. சீர்திருத்தச் சபையின் கற்கோயிலுக்கு 1910இல் அடிக்கல் நாட்டினர். மறு ஆண்டில் அது திறக்கப்பட்டது. கோயிலுக்கு முன்பே கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது; 1894இல் வாந்திபேதியால் இறந்த ஆங்கிலேய மேலாளர் ஒருவரின் இளம் மனைவிதான் அங்கு முதலில் அடக்கம் செய்யப்பட்டவர். துரைமாருக்கென எழுந்த அக்கற்கோயிலில் பின்னாளில் தமிழ் வழிபாடு நிலைத்தது. லயத்து வீடுகளில் தமிழ் நூல் இருந்ததோ இல்லையோ, பாட்டு இருந்தது. புத்தகம் இல்லாதவர் அதை நாவில் ஏற்றிக்கொண்டு வந்தனர்.

அந்தப் பாட்டு எத்தகையது? 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவருடைய தோழரும் முதலில் தந்தவை ஜெர்மானியப் பாட்டுகளின் தமிழாக்கங்கள். மெட்டு ஜெர்மனியினுடையது, சொல் மட்டும் தமிழ். குறிலும் நெடிலும் மெட்டுக்கு இசையாமல் இடறுவதை இன்றும் அப்பாட்டுகளிற் காணலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவர்கள்பால் இரக்கமே உண்டாகின்றது. அயலார் சட்டையைத் தமிழுடலுக்கு அளவெடுப்பது எளிதன்று. இக்குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையிற் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்று, சரபோசி மன்னரின் நட்பைப் பெற்ற அவர், குறவஞ்சியையும் கும்மியையும் இராகதாளக் கீர்த்தனையையும் கிறித்தவப் பொருளுக்கு ஆக்கினார். 'பெத்லகேம் குறவஞ்சி' அவ்வகையில் புகழ்பெற்றது.

அவருக்கு நேர்ந்த எதிர்ப்பை நம் இளைஞர் அறிந்திரார். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய குருமார், தமிழ்க் கீர்த்தனை வழிபாட்டுக்கு ஒவ்வாதது என்று கருதினர். விழாக்களிற் பூச்சூடுதலும் அவர்கள் கண்ணுக்குக் குற்றமாயிற்று. சாஸ்திரியார் வன்மையாக மறுத்தெழுதினார். ஆயினும் அவ்வழக்கில் முழு நியாயமும் அவர் பக்கமே இருந்தது என்று நாம் சொல்லமாட்டோம். சாதிவேறுபாட்டைக் கோயிலுக்குள்ளும் காக்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் மற்றொரு கிளை. பாட்டில் அவர் முன்னே நின்றார். பந்தியில் பின்னே நின்றார். வரலாற்றில் ஒருவரை முழுதாக ஏற்கவோ தள்ளவோ இயலாமற்போவது இப்படித்தான். எது எவ்வாறாயினும், 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பார் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வழிபாட்டு நூலாக அச்சிட்டார். ஒரு தலைமுறைக்கு முன் தடுக்கப்பட்டது, மறு தலைமுறையில் முறையான பாட்டாகிவிட்டது. பின்னர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டுத் தமிழிசையாராய்ச்சிக்கே வழிகாட்டினார். அவரும் கீர்த்தனைகள் இயற்றியவரே.

இசைக்கருவிகளின் கதையும் இதையொத்ததே. இரட்சணிய சேனை 1882இல் பம்பாயில் இறங்கித் தெருவில் இசைமுழக்கி ஊர்வலம் போனபோது காவலர் அவர்களைக் கைதுசெய்தனர். அச்சேனையை நிறுவிய வில்லியம் பூத், களியாட்ட மன்றங்களில் மக்கள் பாடிய மெட்டுகளையே எடுத்துப் பத்திப் பாட்டாக மாற்றியவர். கத்தோலிக்கத் திருச்சபையிலோ, பத்தாம் பத்திநாதர் 1903இல் விடுத்த ஆணை பியானோவையும் முரசையும் கைத்தாளத்தையும் கோயிலுக்குள் தடைசெய்தது. இன்று பியானோவைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, தாய்மொழிக்கும் அந்தந்த நாட்டு இசை மரபுக்கும் கதவு திறந்தது. அதுகாறும் திருப்பலி இலத்தீனில். தமிழ் வாசலுக்கு வெளியே, தேர்ப்பவனியிலும் செபக்கூட்டத்திலும்.

தடை விதிப்பதில் சமயத்தார் மட்டும் முந்தியவர் என்று நினைத்தல் வேண்டா. நம் நாட்டு வானொலியே 1940 மார்ச்சில் ஆர்மோனியத்தை நிலையங்களிலிருந்து விலக்கியது. அத்தடை 1971இல்தான் தளர்ந்தது. கட்டைகளுக்கிடையே கமகத்தை வழங்க அக்கருவியால் ஆகாது என்பது காரணம். காரணத்தில் உண்மை உண்டு. ஆயினும் அந்த முப்பதாண்டுகளும் மலைநாட்டுக் கோயில்களில் அதே ஆர்மோனியந்தான் கீர்த்தனையைத் தாங்கி நின்றது.

இனி 'ராக்' இசைக்கு வருவோம். இச்சொல்லைப் 'பாறை' என்று மொழிபெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். ஆட்டமும் அசைவும் அதன் வேர்ப்பொருள். ஆனால் அமெரிக்கரான லாரி நார்மன் 1969இல் வெளியிட்டதும், கிறித்தவ ராக் தொகுப்புகளில் முதலாவது என்று பலரும் கொள்வதுமான 'அப்பான் திஸ் ராக்' என்னும் தட்டின் பெயரில் இரு பொருளும் உண்டு: பேதுருவின் பாறையும், ராக் இசையும். அந்நாட்டுச் சபைகள் பல அவரை ஏற்கவில்லை. நீண்ட மயிரும் மின்கிதாரும் அவற்றுக்கு உறுத்தின. 'ஆல்பம்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே ஓடிய பழைய இசைத்தட்டுகளைப் படப்புத்தகம்போல் உறைகளிட்டுக் கட்டி விற்றனர். 1948இல் நெடுநேரத் தட்டு வந்தபின்னும் பெயர் மாறவில்லை.

கேரளத்தில் இவ்விசைக்கு நிலம் முன்பே பண்பட்டிருந்தது. 1969இல் ஆபேல் அடிகளார் கொச்சியில் தொடங்கிய கலாபவன், மலையாளக் கிறித்தவப் பாட்டை மேடைக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டு சென்றது. 1990இல் 'ஜீசஸ் யூத்' இளைஞர் இயக்கத்திலிருந்து 'ரெக்ஸ் பேண்ட்' என்னும் குழு எழுந்தது. 2002இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த உலக இளைஞர் நாள் விழாவில் அது பாடியது. அக்குழுவில் விசைப்பலகை வாசித்துப் பெயர்பெற்ற ஸ்டீபன் தேவஸி பாலக்காட்டு மாவட்டத்து ஒற்றப்பாலத்துக்காரர். தமிழ்ப் பக்கத்திலோ ஒலிநாடா வந்தபின் பெர்க்மான்ஸ் அடிகளாரின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' எண்ணிட்ட தொகுதிகளாக வெளிவந்து, ஊர்தோறும் ஒலித்தன. மெட்டு எளிது, அடி குறுகியது, திரும்பத் திரும்ப வருவது. ஒருமுறை கேட்டவர் மறுமுறை பாடிவிடுவர். அவற்றின் வலிமையும் அதுவே, குறையும் அதுவே.

மூணாற்றுத் தோட்டக் குடும்பத்திற் பிறந்து கோயம்புத்தூரிற் பயிலும் இளைஞர் ஒருவரோடு இவற்றைப்பற்றிப் பேச நமக்கு வாய்த்தது. அவர் வெறும் விசிறியல்லர், ஆய்ந்து கேட்பவர். தொகுப்பு என்றால் முதற்பாட்டிலிருந்து கடைசிப்பாட்டுவரை ஒரே மூச்சாகக் கேட்கவேண்டும், இடையே ஒரு பாட்டைப் பிடுங்கிக் கேட்பது கடிதத்தின் நடுவரியை மட்டும் படிப்பது போன்றது என்றார். லாரி நார்மன் 1972இல் வெளியிட்ட 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்' அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. காரணம் கேட்டோம். "அதில் போர் இருக்கிறது, செய்தித்தாளில் வருவது இருக்கிறது, அவர் சண்டை போடுகிறார். நம் தொகுப்புகளில் எல்லாம் வெற்றியும் ஆசீர்வாதமும் மட்டுமே. எங்கள் அம்மா மழையில் நின்று கொழுந்து கிள்ளுவதைப்பற்றி ஒரு பாட்டும் இல்லை" என்றார்.

இக்கருத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. முரசு உரக்க ஒலிக்கின்றது என்பதே பெரியோர் குறை. சொல்லப்படும் பொருள் சிறுத்துவிட்டது என்பது இவ்விளைஞர் குறை. பின்னதே கூர்மையானது. சங்கீதப் புத்தகத்தைத் தமிழாக்கியோர் எபிரேயரின் நரம்புக்கருவிகளுக்கு வீணை என்றும் சுரமண்டலம் என்றும் தமிழ்ப்பெயர் இட்டனர். கருவி நாட்டுக்கு நாடு மாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அப்புத்தகத்திலுள்ள புலம்பலையும் முறையீட்டையும் அவர்கள் விட்டுவிடவில்லை. கருவியை மாற்றிக்கொண்டு புலம்பலை விட்டுவிட்ட தொகுப்பு, பாதி மொழிபெயர்ப்பு.

இளைஞரும் அவர் தோழரும் பழைய கீர்த்தனைகளைக் கிதாரில் வாசித்துப் பார்க்கின்றனர். இதில் தொழில்முறைச் சிக்கல் ஒன்று உண்டு. மேனாட்டு இசை பல சுரங்களை ஒருசேர ஒலிப்பது. நம் இசை ஒரு சுரத்தை அடுத்து ஒரு சுரமாக வளைத்துச் செல்வது. சங்கராபரணம் மேனாட்டாரின் பெரிய சுரவரிசையோடு ஒத்திருத்தலால் அதில் அமைந்த கீர்த்தனைக்குக் கிதாரின் சுரக்கூட்டு பொருந்திவிடும். மோகனமும் ஓரளவு இடங்கொடுக்கும். தோடியில் அமைந்ததை எடுத்தால் நெளிவெல்லாம் நேர்க்கோடாகிவிடும். தாளத்தில் சற்றுத் தள்ளி எடுக்கும் கீர்த்தனையும் முரசுக்காரரைத் திணறச் செய்யும். முதியோர் "இது நம் பாட்டன்று" என்னும்போது பெரும்பாலும் இக்காரணத்தையே, பெயர் தெரியாமல், உணர்ந்து கூறுகின்றனர். தோடியைத் தோடியாக விட்டுவிட்டுச் சங்கராபரணத்தைக் கிதாருக்குக் கொடுப்பதில் நமக்குத் தடையொன்றும் தோன்றவில்லை.

கவலைக்குரியது வேறோரிடத்தில் இருக்கின்றது. 2013 டிசம்பரில் பாலக்காட்டில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தது; அதற்குமுன் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தோடு இணைந்திருந்த பங்குகளும் அதிற் சேர்ந்தன. அங்கே தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. பிள்ளைகளிற் பலர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கின்றனர். தமிழ்ப் பாட்டைத் தமிழெழுத்தில் படிக்க இயலாதார், தாம் அறிந்த எழுத்தில் எழுதிவைத்துக் கொள்கின்றனர். நாம் கண்ட இளைஞரின் கைப்பேசியில் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று மலையாள எழுத்தில் இருந்தது. மேலே கிதாருக்குரிய சுரக்கூட்டின் குறிகள். மலையாள எழுத்தில் ழகரமும் றகரமும் உள்ளன. ஆதலின் அவர் பிழையின்றிப் பாடினார். அவருடைய தோழர் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அவர் வாயில் 'அழுகை' 'அலுகை' ஆயிற்று.

வடநாட்டில் வாழும் அன்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். பிள்ளைகளுக்காக நாகரி எழுத்தில் பாட்டை எழுதிக் கொடுக்க நேர்ந்தால், ளகரத்துக்குரிய எழுத்தின் கீழே ஒரு புள்ளியிட்டு ழகரத்தைக் குறிக்கும் வழக்கம் உண்டு. அலுவலகத்தில் தமிழ்ப்பெயர்களை இந்தியில் எழுதும்போது நாம் அப்புள்ளியை இட்டே எழுதுகின்றோம்.