கேழ்வரகுக் கூழ்

கேழ்வரகு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவைத்து, அரிசி நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறிய பின் நீரோ மோரோ விட்டுக் கரைத்துக் குடிக்கும் உணவு கேழ்வரகுக் கூழ். வட சென்னையின் மணலி, திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் பகுதிகளில் இது கோடையில் தெருவோர உணவு. ஆடியில் அம்மன் கோயில் உணவு. மோரை விட்டு நீரில் கரைத்தால், விலங்கிலிருந்து வரும் எதுவும் கலவாத நனிசைவ உணவாகவும் ஆகிவிடுகிறது.

‘வீகன்’ என்ற சொல்லை 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் உருவாக்கினர். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவது அதன் பொருள். தமிழில் இதை நனிசைவம் என்கின்றனர். இந்த உணவுமுறைக்கு மாறுபவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் தானியங்களில் ஒன்று தென் அமெரிக்காவின் கினோவா. ஆனால் மணலியில் பால் சேராத சத்துணவைத் தேடுபவர் கூழ் வண்டியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கினோவாவையும் கேழ்வரகையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது எதில் உயர்ந்தது, எது எதில் குறைவு என்பது தெளிவாகும்.

பெயரும் பிறப்பும்

வட சென்னைப் பேச்சில் கேழ்வரகு ‘கேவுரு’. தென் மாவட்டங்களில் கேப்பை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகி. ‘நம் மண்ணின் தானியம்’ என்று சொல்லப்பட்டாலும் அதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்கள். எத்தியோப்பியா, உகாண்டா பகுதிகளில் பயிராகத் தொடங்கிய அது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்து சேர்ந்தது. கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் பச்சை மிளகாய் அதற்கும் வெகு காலம் பிந்தியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இங்கு வந்தது. ஆக, தமிழரின் பழைய உணவு என்று கருதப்படும் ஒரு சொம்புக் கூழில் இரண்டு கண்டங்களின் பயிர்கள் கலந்திருக்கின்றன.

கினோவாவும் அப்படிப் பயணம் வந்த பயிர்தான். பெரு, பொலிவியா எல்லையிலுள்ள டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய ஆண்டிஸ் மேட்டுநிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாக அது விளைகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2013ஐப் பன்னாட்டு கினோவா ஆண்டாக அறிவித்தது. அதற்குச் சரியாகப் பத்தாண்டு பிந்திய 2023ஐ, இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கேழ்வரகு புல்லினம். கினோவாவோ கீரையினம்: முளைக்கீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் அடங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கீரைக்காரர்கள் விற்கும் சக்கரவர்த்திக் கீரை கினோவாவின் அதே பேரினம். எண்ணூர்க் கழிமுகத்தின் உப்புத் தரையில் சிவந்து கிடக்கும் உமரியும் அந்தக் குடும்பத்துச் செடியே. உவர் நிலத்தைத் தாங்கும் குணம் கினோவாவுக்கும் உண்டு. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதை வளர்த்துப் பார்த்து ஆய்வுகளை வெளியிட்டது. ராஜஸ்தானிலும் ஆந்திரத்தின் அனந்தபுரம் பகுதியிலும் உழவர்கள் பயிரிட்டிருக்கின்றனர்.

காய்ச்சும் முறை

கூழுக்கு மூன்று நாள் வேலை. முதல் நாள் மாலையில் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வைக்கிறார்கள். மறுநாள் அது பொங்கிப் புளித்திருக்கும். பெரிய பாத்திரத்தில் நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த கரைசலை அதில் ஊற்றித் துடுப்பால் இடைவிடாமல் கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும், கட்டி தட்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதை அப்படியே மூடிவைத்து, மூன்றாம் நாள் காலையில் உருண்டை உருண்டையாக எடுத்து, உப்பும் தண்ணீரும் விட்டுக் கையால் பிசைந்து கரைக்கிறார்கள்.

தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மாங்காய்ப் பத்தை, கொத்தவரங்காய் வத்தல், ஊறுகாய், முருங்கைக்கீரைப் பொரியல். மீனவர் குப்பங்களில் கருவாடு இல்லாமல் கூழ் இறங்காது. வண்டிக்கடைகளில் பெரும்பாலும் மோர் கலந்தே கரைத்து வைத்திருப்பார்கள். தொட்டுக்கொள்ளத் தரும் மோர் மிளகாயிலும் மோர் உண்டு. நனிசைவர் இந்த இரண்டையும் கேட்டு விலக்க வேண்டும்.

மணலியும் கூழ் வண்டியும்

மணலி இன்று அறியப்படுவது ஆலைகளால். 1965இல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். 1966இல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் அமைக்கப்பட்டது. பின்னர் வேதிப்பொருள் ஆலைகள் வரிசையாக வந்தன. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த மணலி, அதன் இரண்டாம் மண்டலம். துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இதன் சாலைகளில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும்.

வெயிலில் நிற்பவருக்கும் சுமை தூக்குபவருக்கும் வேண்டியது மூன்று: தண்ணீர், உப்பு, வயிறு தாங்கும் மாவுச்சத்து. ஒரு சொம்புக் கூழ் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் தருகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வட சென்னைச் சாலையோரங்களில் தள்ளுவண்டியில் பானையோ எவர்சில்வர் அண்டாவோ வைத்துக் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் விற்கிறார்கள். லாரி ஓட்டுநர், ஒப்பந்தத் தொழிலாளி, ஆட்டோக்காரர் என்று பலரும் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள். அடுப்பு தேவையில்லை, சுடவைக்கத் தேவையில்லை என்பதால் வண்டிக்காரருக்கும் செலவு குறைவு.

ஆடி பிறந்தால் கூழ் தெருவிலிருந்து கோயிலுக்கு நகர்கிறது. “ஆத்தாவுக்குக் கூழ் ஊத்துறோம்” என்று தெருக்காரர்கள் மாவும் நொய்யும் காசும் திரட்டுகிறார்கள். வெள்ளி, ஞாயிறுகளில் அம்மன் கோயில் வாசலில் அண்டாக்கள் வரிசையாக வந்து நிற்கும். கணவர் ஜமதக்னியை இழந்து தீயில் இறங்கிய ரேணுகா, மழையால் தீ அணைய, வேப்பிலையை உடுத்தி வந்து ஊராரிடம் பசிக்கு உணவு கேட்டாள் என்பது இந்தச் சடங்குக்கு வழங்கும் கதை. திருவள்ளூர் மாவட்டம் பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோயிலுக்கு வட சென்னைக் குடும்பங்கள் இந்த மாதத்தில் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. கூழ் ஊற்றுவதில் யார் வீட்டு மாவு, யார் குடிப்பது என்ற கணக்கு இல்லை. பாத்திரத்தோடு வந்தவர் எல்லாருக்கும் ஊற்றுவார்கள்.

பசிக்கு ஊற்றிய ஊர்

பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றிய வரலாறு வட சென்னையில் ஒரு மருத்துவமனையின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1780களின் தொடக்கத்தில் போரும் பஞ்சமும் சேர்ந்து தாக்கியபோது, இராயபுரத்தை ஒட்டி மணியக்காரர் சத்திரம் கஞ்சி ஊற்றியது. மக்கள் அதைக் கஞ்சித் தொட்டி என்றனர். அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி; ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பழம்பெயரை வயதானவர்கள் இன்னும் சொல்வதுண்டு.

புலால் மறுத்த மரபுக்கும் இங்கே ஆழமான வேர் உண்டு. வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் (1823–1874) சென்னை ஏழுகிணறு பகுதியில் வளர்ந்தவர். அங்கிருந்து திருவொற்றியூருக்கு வந்து வழிபட்டு, வடிவுடையம்மன் மீது மாலை பாடியவர். உயிர்க்கொலையையும் புலால் உண்பதையும் கடுமையாக மறுத்த அவர், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் பசித்தவருக்குச் சமைக்கிறது. மணலி புதுநகரில் அய்யா வைகுண்டரின் வழிபாட்டிடமான தர்மபதி இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் தோன்றிய அவருடைய அய்யாவழி, தொழில் தேடி வந்த தென் மாவட்ட மக்களோடு இந்த ஆலை நகரத்துக்கு வந்தது. புரட்டாசித் திருவிழாவில் இங்கே தேர் ஓடுகிறது, அன்னதர்மம் நடக்கிறது. இந்த மரபுகள் இறைச்சியை விலக்கினவே தவிரப் பாலை விலக்கவில்லை. அதனால் அவற்றை நனிசைவம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊன் இல்லாமல் வயிறார உண்ணும் பழக்கத்தை அவை இங்கே ஊன்றியிருக்கின்றன.

சத்துக் கணக்கு

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் புரதம் சுமார் 7 கிராம், நார்ச்சத்து 11 கிராம், இரும்பு 4.6 மில்லிகிராம், கால்சியம் 364 மில்லிகிராம். அதே எடை பசும்பாலில் கால்சியம் ஏறத்தாழ 120 மில்லிகிராம்தான். பாலை நிறுத்தியவருக்கு முதலில் வரும் கவலை எலும்பைப் பற்றியது என்பதால், இந்த ஓர் எண்ணே கேழ்வரகின் பெரிய சொத்து.

அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் சமைக்காத கினோவா 100 கிராமில் புரதம் 14 கிராம், நார்ச்சத்து 7 கிராம், இரும்பு 4.6 மில்லிகிராம், கால்சியம் 47 மில்லிகிராம். புரதத்தில் கினோவா இரு மடங்கு. அந்தப் புரதத்தின் தரமும் மேல்: அரிசி, கேழ்வரகு போன்ற தானியங்களில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலம் கினோவாவில் கூடுதலாக இருக்கிறது. இரண்டிலும் குளூட்டன் இல்லை. கினோவாவின் மேல்தோலில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் உண்டு. நுரை நிற்கும்வரை கழுவித்தான் உலையில் போட வேண்டும்.

கேழ்வரகில் குறையும் லைசினைத் தருவது பயறு. கூழோடு காராமணிச் சுண்டலோ மொச்சையோ துவரம்பருப்போ சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். வேர்க்கடலைத் துவையலும் புரதத்தைக் கூட்டும். கினோவா தனியாகச் செய்வதை, கூழும் சுண்டலும் கூடிச் செய்கின்றன. செலவோ கினோவாவின் விலையில் சிறு பங்கு.

தெருக்கடையின் பக்கத் தட்டிலும் அறிவு இருக்கிறது. கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட்டும் டானினும் இரும்பையும் கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். புளிக்கவைக்கும்போது இவை குறைகின்றன. மாங்காய்ப் பத்தையின் வைட்டமின் சி, தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் சேர உதவுகிறது. கூழ் குடித்த கையோடு டீ குடித்தால் அந்தப் பயன் குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. முருங்கைக்கீரை 100 கிராமில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால், ஆடிக் கூழோடு அதைப் பரிமாறும் வழக்கம் எலும்புக்கும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 50 கிராம் மாவில் காய்ச்சிய கூழ் அதில் சுமார் 180 மில்லிகிராம் தரும். ஆக, கூழ் மட்டும் போதாது. எள், கீரை, பயறு எல்லாம் சேர வேண்டும்.

கேழ்வரகிலும் கினோவாவிலும் இல்லாத ஒன்று வைட்டமின் பி12. புளித்த கூழில் அது கிடைத்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. பாலையும் முட்டையையும் விட்டவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும், மருத்துவரைக் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்வது கட்டாயம். அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும். சர்க்கரை நோயாளிகளும் அளவு பார்க்க வேண்டும்: நைசாக அரைத்த மாவு, நொய்யோடு வெந்து குழைந்த நிலையில் வேகமாகச் செரிக்கும். களியாகவோ அடையாகவோ காய்கறியோடு உண்பது அவர்களுக்கு ஏற்றது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் கேழ்வரகு பெரிதும் விளைவது கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாய விலைக் கடைகளில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோட்டத் திட்டத்தை அரசு தொடங்கியது. இந்தியாவில் விற்கும் நனிசைவ உணவுகளுக்கு 2022இல் தனி ஒழுங்குமுறையும் பச்சை நிற முத்திரையும் வந்துள்ளன. பெட்டியில் அடைத்த கினோவா அந்த முத்திரையோடு கடையில் நிற்கலாம். கூழ் வண்டிக்கு முத்திரை கிடையாது. அங்கே நனிசைவரின் பாதுகாப்பு, “மோர் ஊத்தாம, தண்ணியில கரைச்சுக் குடுங்கக்கா” என்று கேட்பதுதான்.

ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் வட சென்னைத் தெருக்களில் நண்பகலுக்குள் அண்டாக்கள் காலியாகிவிடும். கடைசியாக வருபவர்களுக்காக அடியில் தங்கியதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தூக்குவாளிகளில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வேலைக்குப் போன பிள்ளைகளுக்கென்று அது வீட்டில் சாயங்காலம்வரை காத்திருக்கும்.