ஆமிஷ் மக்களின் வாழ்வும் வரலாறும்

அமெரிக்கா என்றவுடன் வானளாவிய மாடங்களும், விரைந்தோடும் மோட்டார் வண்டிகளும், விண்வெளிக் கலங்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அந்நாட்டிலேயே குதிரை பூட்டிய வண்டியிற் சென்று, மின்கம்பி நுழையாத இல்லங்களில் வாழ்ந்து, முன்னோர் பேசிய ஜெர்மன் கிளைமொழியை இன்றும் வீட்டில் பேசும் மக்கள் இருக்கின்றனர். ஆமிஷ் என்று அழைக்கப்படும் இவர்கள் இன்று 4 இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். பழைமையில் உறைந்து போனவர்கள் என்று இவர்களை எள்ளி நகையாடுவோர் உண்டு. மாசுபடாத மாந்தர் என்று போற்றுவோரும் உண்டு. இவர்தம் வரலாற்றை ஊன்றி நோக்கின், இவ்விரு கூற்றுகளும் முழுமையானவை அல்ல என்பது புலனாகும்.

தோற்றம்

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த சமயச் சீர்திருத்தத்தின் ஒரு கிளை இவர்களுடையது. சிசுக்களுக்கு ஞானஸ்நானம் அளிப்பது பொருளற்றது. அறிவறிந்த பருவத்தில் ஒருவர் தாமே விரும்பி அதனை ஏற்றல் வேண்டும் என்ற கொள்கையுடையோர் 1525 ஜனவரியில் சூரிச் நகரில் ஒன்றுகூடினர். அரசும் சமயமும் பின்னிக்கிடந்த அக்காலத்தில் இக்கொள்கை அரச குற்றமாகக் கருதப்பட்டது. அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ், 1527இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். ஹாலந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்த மென்னோ சைமன்ஸ் 1536இல் தம் பதவியைத் துறந்து இவர்களோடு இணைந்தார். அவர் பெயரால் மென்னோனைட்டுகள் என்ற வழக்கு ஏற்பட்டது.

1569இல் டர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையினின்று தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின்மீது ஓடினார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து நீரில் வீழ்ந்தான். வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைக் கரை சேர்த்தார். அதனாலேயே பிடிபட்டுத் தீயிலிடப்பட்டார். 1660இல் அச்சேறிய தியாகிகள் வரலாற்று நூல் போற்றும் இந்நிகழ்ச்சியை ஆமிஷ் இல்லங்களில் சிறுவரும் அறிவர்.

1693இல் யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன என்று கூறித் தம்மைப் பின்பற்றியோருடன் பிரிந்தார். அவர் பெயரிலிருந்தே ஆமிஷ் என்னும் சொல் பிறந்தது. வில்லியம் பென் என்பவர் சமய உரிமை அளித்து உருவாக்கிய பென்சில்வேனியாவுக்கு 18ஆம் நூற்றாண்டில் இவர்கள் குடிபெயரலாயினர். ஐரோப்பாவில் எஞ்சியோர் நாளடைவில் பிற சபைகளிற் கலந்தனர்; 1937இல் அங்கிருந்த கடைசி ஆமிஷ் சபையும் மென்னோனைட்டுகளுடன் இணைந்தது. பிறந்த மண்ணில் மறைந்த ஒரு மரபு, புகுந்த மண்ணில் தழைத்தது.

ஏற்பதும் தள்ளுவதும்

இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்டது ஒரு சபை. பொதுவாக இவர்களுக்குக் கோவிற் கட்டடம் இல்லை. இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒருவர் இல்லத்தில் வழிபாடு நிகழும். ஊழியர்களைத் திருவுளச்சீட்டு முறையில் தேர்ந்தெடுப்பர். அவர்களுக்கு ஊதியமும் இல்லை, தனிப் பயிற்சியும் இல்லை. 'ஆர்ட்னுங்' எனப்படும் ஒழுகலாற்று விதிகள் பெரும்பாலும் எழுதாமறையாகவே நிலவுகின்றன. ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன்னர், அவ்விதிகளைச் சபையார் கூடி உறுதி செய்வர்.

புதுப்பொருள் எதுவாயினும் அதனைத் தீயது என்று இவர்கள் எடுத்த எடுப்பில் ஒதுக்குவதில்லை. இது நம் குடும்பத்தையும் அண்டை அயலாரையும் என்ன செய்யும் என்று வினவுகின்றனர். தொலைபேசி வீட்டினுள் இருப்பின் ஒருவரை ஒருவர் நேரிற் காணும் வழக்கம் அருகும் என அஞ்சினர். ஆகவே பல ஊர்களில் அதனை வயலோரச் சிறு குடிலில் வைத்து, தேவைக்கு மட்டும் பயன்படுத்துகின்றனர். மோட்டார் வண்டியை உடைமையாகக் கொள்ளார். பிறர் ஓட்டும் வண்டியில் கூலி கொடுத்துச் செல்வர். பொது மின்கம்பியை ஏற்காத தச்சுப் பட்டறைகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் கருவிகள் சுழல்கின்றன. ஒரு சபை ஏற்பதை மற்றொன்று மறுப்பதும் உண்டு. காலத்தைப் புறக்கணித்தவர்கள் என்பதைவிடக் காலத்தோடு பேரம் பேசுகிறவர்கள் என்பதே இவர்களுக்குப் பொருந்தும்.

கல்வி வழக்கு

ஒரே அறையில் எட்டு வகுப்புகளும் நடைபெறும் சிறு பள்ளியோடு இவர்கள் கல்வி நிறைவுறுகிறது. அதற்குமேல் உயர்நிலைப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தமைக்காக விஸ்கான்சின் மாநிலத்தில் மூன்று தந்தையருக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 1972இல் அம்மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. எனினும் நீதிபதி டக்ளஸ் ஓரளவு மாறுபட்டார். பெற்றோர் உரிமை பற்றியே பேசுகின்றோமே, படிக்க வேண்டிய பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். அவ்வினா இன்றும் விடையின்றி நிற்கிறது. மருத்துவராகவோ பொறியாளராகவோ விழையும் பிள்ளைக்கு அவ்வழி பதினான்கு வயதிலேயே அடைபட்டு விடுகிறதன்றோ?

வேறு விலைகளும் உண்டு. ஞானஸ்நானம் பெற்றபின் சபையை விட்டு நீங்குவோர் விலக்கி வைக்கப்படுகின்றனர். பெற்ற தாயும் மகனும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண இயலாத நிலை சில சபைகளில் உண்டு. சிலரே வழிவழியாகப் பெருகியமையால் அரிய பரம்பரை நோய்களும் இவர்களிடையே மிகுதி. அத்தகைய குழந்தைகளுக்கென 1989இல் லங்காஸ்டர் பகுதியில் தனி மருத்துவ நிலையமே தோன்றியது.

சோதனை நாள்

2006 அக்டோபர் 2ஆம் நாள் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் புகுந்த அயலார் ஒருவர் பத்துச் சிறுமியரைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். ஐந்து சிறுமியர் மாண்டனர். அன்றே ஆமிஷ் மக்கள் கொலையாளியின் மனைவி மக்களைக் கண்டு ஆறுதல் கூறினர். அவர் நல்லடக்கத்திலும் பங்கேற்றனர். பனியாற்றங்கரையில் திரும்பிச் சென்ற வில்லெம்ஸின் கதை 437 ஆண்டுகளுக்குப் பின்னும் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடவில்லை.

மொழி தரும் பாடம்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் சிந்திக்கத்தக்க பகுதி மொழியேயாகும். இல்லத்தில் பென்சில்வேனிய ஜெர்மன், வழிபாட்டில் செவ்விய ஜெர்மன், பள்ளியிலும் கடைவீதியிலும் ஆங்கிலம் என மும்மொழிகளை இவர்கள் தத்தம் இடத்தில் வைத்துப் போற்றுகின்றனர். முற்காலத்தில் இம்மொழியைப் பேசியோருள் ஆமிஷ் மக்கள் சிறுபான்மையினரே. லூத்தரன் முதலிய பிற சபைகளைச் சார்ந்தோரே மிகப் பலர். அவர்களிடம் கவிஞர் இருந்தனர்; நாடகங்கள் இருந்தன. 1930களில் தொடங்கி, தம் மொழியிலேயே பேசி மகிழ ஆண்டுதோறும் விருந்து நடத்தினர். அவ்விருந்தில் ஆங்கிலம் பேசியவருக்கு அபராதமும் விதித்தனர். ஆனால் விருந்து முடிந்து வீடு திரும்பியதும் குழந்தைகளோடு ஆங்கிலத்திலேயே உரையாடினர். இன்று அவர்தம் வழித்தோன்றல்களிடம் அம்மொழி ஏறக்குறைய மறைந்துவிட்டது. விழா எடுக்காத, அம்மொழியில் நூல் பல இயற்றாத ஆமிஷ் மக்களின் பிள்ளைகள் நாவிலோ அது நாள்தோறும் புழங்குகிறது.

1900ஆம் ஆண்டளவில் சில ஆயிரவராக இருந்த இம்மக்கள் இன்று இலட்சக்கணக்கில் பெருகியமைக்குக் குழந்தைகள் மிகுதியாகப் பிறப்பதும், வளர்ந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் சபையிலேயே நிலைப்பதும் காரணங்களாம்.

நாம் குதிரை வண்டிக்குத் திரும்ப வேண்டியதில்லை. பிள்ளைகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தவும் ஒருப்படோம். அவர்கள் செலுத்தும் விலை நமக்கு மிகையானது. ஆயினும் வீட்டுவாயிலில் வந்து நிற்கும் ஒவ்வொரு புதுமையையும் நோக்கி, இது நம்மை என்ன செய்யும் என்று கேட்கும் அவர்தம் பழக்கம் விலையின்றிக் கிடைப்பது. விழா மேடையில் நாம் போற்றும் தமிழ், உணவு வேளையில் குழந்தைகளோடு பேசும் தமிழாகவும் இருத்தல் வேண்டும். மொழி நிலைப்பது அங்கேதான் என்பதற்குப் பென்சில்வேனியாவின் வயல்வெளிகள் சான்று பகர்கின்றன.