சமூக இணையதளத்துக்கான உள்ளடக்க மேலாண்மை அமைப்பு

நிரல் எழுதத் தெரியாதவரும் உலாவி வழியாகவே இணையதளத்தில் எழுதவும் படம் ஏற்றவும் திருத்தவும் உதவும் மென்பொருள், உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. பேச்சில் சி.எம்.எஸ். ஊர், தேவாலயப் பங்கு, சங்கம், முன்னாள் மாணவர் அமைப்பு போன்றவற்றின் தளங்களுக்கு வேர்ட்பிரஸ் (2003), ஜூம்லா (2005), ட்ரூபல் (2001), மீடியாவிக்கி (2002) ஆகியவை வழக்கமாகப் பரிசீலிக்கப்படுகின்றன. நான்கும் கட்டற்ற மென்பொருட்கள். உரிமக் கட்டணம் கிடையாது. செலவெல்லாம் வழங்கி இடத்துக்கும் தளப்பெயருக்கும் பராமரிப்புக்கும்தான்.

எது சிறந்தது என்ற கேள்வியோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, ஊரிடம் என்ன இருக்கிறது என்பதை. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் உள்ள மணப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். செப்டம்பர் 14இல் வரும் திருச்சிலுவைத் திருவிழாவின் நிகழ்ச்சி நிரல், மறைவு அறிவிப்பு, நன்கொடை வேண்டுகோள் போன்றவை தேதியோடு வந்து தேதியோடு பழசாகிவிடும். இவற்றுக்கு வேர்ட்பிரஸ் போதும். 1542இல் இக்கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, மீன்களின் உள்ளூர்ப் பெயர்கள், பெண்கள் முடையும் பனையோலைப் பொருட்களின் வகைகள் ஆகியவை வேறு ரகம். பலர் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி நிறைவாக்க வேண்டியவை இவை. அதற்கு மீடியாவிக்கி போன்ற விக்கிதான் பொருந்தும். பழைய புகைப்படமும் கையெழுத்துப் படிகளும் ஒலிப்பதிவும் குவிந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, இடம், கொடுத்தவர் எனக் குறிப்பு சேர்க்கும் ஓமேகா, ஐலண்டோரா போன்ற ஆவண மென்பொருள் தேவைப்படும்.

இந்த வேறுபாட்டைத் தமிழில் தெளிவாகக் காட்டுவது ஈழத்து நூலகத் திட்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஆவணங்களும் அழிந்த நினைவு மாறாத சமூகத்தில், 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது அது. நூல்களுக்கும் இதழ்களுக்கும் அத்திட்டம் மீடியாவிக்கியைத் தேர்ந்தெடுத்தது. ஒரு நூலுக்கு ஒரு பக்கம், அதில் ஆசிரியர், பதிப்பாண்டு, பகுப்பு. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு தன்னார்வலர் பிழை திருத்தலாம். மீடியாவிக்கியின் இடைமுகம் ஏற்கெனவே தமிழில் இருந்தது கூடுதல் வசதி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஓடுவதும் அதன் மேல்தான். படம், ஒலி, காணொளி என்று பொருள் விரிந்தபோது, விக்கியையே இழுத்து நீட்டாமல் ஐலண்டோராவில் 'ஆவணகம்' என்ற தனித்தளத்தை அமைத்தார்கள். ஒரே மென்பொருளில் எல்லாவற்றையும் அடைக்க முயலும் ஊர்க் கமிட்டிகள் இதைக் கவனிக்கலாம்.

தமிழ்த் தளங்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு; விற்பனைப் பட்டியல்களில் அவை வருவதில்லை. வேர்ட்பிரஸ், கட்டுரைத் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒன்பது குறிகளாக மாற்றுகிறது; முகவரிக்கு அது ஒதுக்கியிருப்பதோ 200 இடங்கள். 'மணப்பாடு திருச்சிலுவை ஆலயத் திருவிழா' என்று தலைப்பிட்டால் முகவரி மூன்றாம் சொல்லில் 'ஆல' என்பதோடு நின்றுவிடும். சுருக்கமான முகவரியைக் கையால் தட்டச்சிடுவதே இதற்கு வழி. தேடலிலும் இடறல் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடலில் 'மணப்பாடு' என்று கொடுத்தால் 'மணப்பாட்டில்' என்றிருக்கும் கட்டுரை அகப்படாது. ஆகவே குறிச்சொல்லும் பகுப்பும் தமிழில் அலங்காரமல்ல, அவசியம். 2000க்கு முந்தைய கோப்புகள் டிஸ்கி, டேப், டேம் போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கக்கூடும். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

அமைத்துக் கொடுத்த இளைஞர் வேலைக்கு வெளியூர் போன பிறகு தளத்தைக் கவனிப்பது யார் என்பது, மென்பொருள் தேர்வைவிடப் பெரிய கேள்வி. ட்ரூபல் வல்லமை மிக்கதுதான். ஆனால் 2011இல் வந்த அதன் 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5இல் நின்றது. 8க்கும் அதற்கு மேலும் மாறுவது ஏறத்தாழப் புதுத்தளம் கட்டுவதற்குச் சமம். சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாத சங்கம் அதைத் தொடாமலிருப்பது நல்லது. வேர்ட்பிரஸ் தெரிந்தவர் எந்த ஊரிலும் அகப்படுவார். ஆனால் புதுப்பிக்காமல் விட்ட செருகுநிரல்கள் வழியாகவே அது அதிகம் தாக்கப்படுகிறது. தளப்பெயரும் வழங்கிக் கணக்கும் தனிநபர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். இலவச இடத்தை நம்புவதும் ஆபத்து: 2009இல் யாகூ ஜியோசிட்டீஸை மூடியபோது எண்ணற்ற ஊர்ப் பக்கங்களும் குடும்பப் பக்கங்களும் போயின. உள்ளடக்கம் முழுவதையும் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளிலேயே சோதிக்க வேண்டும். வேர்ட்பிரஸும் மீடியாவிக்கியும் எழுத்தை எக்ஸ்எம்எல் கோப்பாகத் தருகின்றன.

ஞானஸ்நானப் பதிவேடு, உறுப்பினர் பட்டியல் போன்றவை தனி விவகாரம். உயிரோடிருப்பவர்களின் விவரம் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும். யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிப்பதில் ட்ரூபல் தேர்ந்தது. பக்கவாரியாக மறைப்பதற்கென்று மீடியாவிக்கி எழுதப்படவில்லை, அதன் கையேடே அப்படி எச்சரிக்கிறது. ஆகவே இத்தகைய பதிவேடுகளை விக்கியில் ஏற்றக்கூடாது.