வஜா முதல் நிவாரணம் வரை: பட்டாவும் உழவனும்

பிராட்வே கடைகளிலும் மட்டாஞ்சேரி கிட்டங்கிகளிலும் தொழில் செய்யும் நம்மவர் பலருக்குச் சொந்த ஊரில் ஓரிரு மா நிலமாவது இருக்கும். அங்கே புயலோ வெள்ளமோ வந்து, அரசு நிவாரணம் அறிவித்ததும், ஊரிலிருந்து வரும் முதல் கேள்வி, "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். இக்கேள்வியின் வேர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமை உடையது.

சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில், அரசுக்கு நேரே வரி கட்டியவர் பட்டாதாரர். பயிர் சாவியானால் அரசு வரியைத் தள்ளிக் கொடுத்தது. அதற்கு 'வஜா' என்று பெயர். வரி கட்டுபவருக்கே வஜா. வாரத்துக்கு உழுதவர் நிலக்காரரின் மனசை நம்பியிருக்க வேண்டியதுதான்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், 1883, 1884 ஆண்டுச் சட்டங்கள் வழியே விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் தக்காவிக் கடன் கிடைத்தது. ஆனால் அது வட்டியோடு திருப்ப வேண்டிய கடன். ஈடு காட்ட நிலமோ ஜாமீனோ இல்லாதவருக்கு அது எட்டாக்கனி.

இன்று கிடைப்பது திருப்பித் தர வேண்டாத உதவி. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இதற்கு அடிப்படை. முன்பு பாதிப் பயிர் அழிந்தால்தான் நிவாரணம் கிடைக்கும். 2015இல் அது 33 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. 2022இல் வகுத்த விதிப்படி, ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500, பாசனப் பயிருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500 என நிர்ணயமாயிற்று. உச்சவரம்பு 2 ஹெக்டேர். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் விழுந்த தென்னைக்குத் தமிழக அரசு, மரத்துக்கு ரூ.600, வெட்டி அகற்ற ரூ.500 என அறிவித்தது. புதுக்கன்று காய்க்கவே சில ஆண்டுகள் ஆகும் என்பதை நாம் அறிவோம்.

தொகையும் வடிவமும் மாறின. காகிதம் மட்டும் மாறவில்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆயினும் வாய்மொழிக் குத்தகையே இன்றும் மிகுதி. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சமே காரணம். நாம் வாழும் கேரளத்திலோ நிலச் சீர்திருத்தத்தால் 1970 முதல் குத்தகை முறையே ஒழிந்தது. உழுதவர் பலர் நிலச் சொந்தக்காரரானது பெரும் சாதனை. ஆனால் அதன் பின் பிறர் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்தவருக்குச் சட்டப்படி செல்லும் ஒப்பந்தம் இல்லாமற் போயிற்று.

இதில் நமக்கும் பங்குண்டு. பல குடும்பங்களில் பட்டா இன்னும் மறைந்த தாத்தா பெயரில். நிலமோ ஊரில் வேறொருவர் உழைப்பில். வெள்ளம் வந்தால் உதவி இருவருக்கும் சேராமல் தாலுகா அலுவலகத்திலேயே நின்றுவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பட்டாவை மாற்றிக் கொள்வோம். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில், உழுகிறவர் பேர் ஏறவும் மனமுவந்து வழிவிடுவோம்.