சென்னைச் சாந்தும் அதனை அரைத்த கைகளும்

பழைய மாளிகையைக் காணும்போது அதனைக் கட்டுவித்தவர் யாரென்று கேட்கிறோம். சாந்து அரைத்தவர் யாரென்று கேட்பதில்லை. சென்னைச் சாந்தைப் பற்றிய பழைய குறிப்பொன்றில் அவர்கள் ஒரே ஓரிடத்தில் தலைகாட்டுகின்றனர்.

செயின்ட் எலினா தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக் என்பார் எழுதிய அக்குறிப்பை இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1732-இல் வெளியிட்டது. சலித்த மணலும் சுண்ணாம்பும் சம அளவாக, பதினைந்து பதினைந்து புஷல், கலந்து நீர்விட்டுச் சில நாள் கிடத்த வேண்டும். 20 ராத்தல் வெல்லத்தை நீரில் கரைக்க வேண்டும். பயறும் கடுக்காயும் தனித்தனியே கூழாகக் காய்ச்சி வடிக்கப்படும். இம்மூன்று நீரையும் ஒன்றாக்கி, தெளித்துத் தெளித்துச் சாந்தை இடிப்பர். உயர்ந்த பூச்சுக்கு முட்டையின் வெண்கரு, நெய், தயிர் ஆகியவையும் சேரும்.

இக்கலவை நீரைப் பெருந்தொட்டியில் சேர்த்து வைப்போர், கூலியாட்கள் அதைக் குடித்துவிடாதபடி சிறிது சுண்ணாம்பையும் அதில் இட்டு வைப்பராம். வெல்லமும் பயறும் கரைந்த நீர் பசித்தவனுக்குக் கஞ்சியல்லவா? பைக் இதனைச் செய்முறையின் ஓர் அங்கமாகவே எழுதிக் கடந்து செல்கிறார். அவ்விடத்தை வாசித்த அன்று நான் மேற்கொண்டு வாசிக்கவில்லை.

சுண்ணாம்பு விளையாட்டுப் பொருளன்று. சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதித்தெழும். தெறிக்கும் துளி கண்ணின் ஒளியைப் பறிக்க வல்லது. ஈரச் சாந்தோ, பட்டவுடன் வலி காட்டாது. மெல்ல மெல்லத் தோலை அரிக்கும். காளவாயில் கூலிவேலை செய்த என் தந்தையார் இரவில் விரலிடுக்குகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உறக்கமின்றி அமர்ந்திருப்பார். அதனை நோயென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் அது தொழிலின் அடையாளம்.

இன்று சுண்ணாம்புக் கட்டடங்கள் மீண்டும் விரும்பப்படுகின்றன. கடுக்காயும் வெல்லமும் மீண்டும் தொட்டிகளில் ஊறுகின்றன. நம் சங்கத்தின் உதவியால் கட்டடப் பொறியியல் கற்ற இளைஞர்கள் சில செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். நீற்றும்போது நிறைந்த நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுவதே முறை; குவித்த சுண்ணாம்பின்மேல் நீரைச் சாய்த்தல் ஆபத்து. கண்ணாடி, கையுறை, முழங்கால்வரை காலணி ஆகியவை மேற்பார்வையாளருக்கு மட்டுமன்றிச் சட்டி சுமக்கும் பெண்ணுக்கும் உரியவை. கண்ணில் பட்டால் கசக்காமல், தூய நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கழுவ ஒரு தொட்டி நீரும் குடிக்க ஒரு பானை நீரும் வேலை தொடங்கு முன்பே வைக்கப்பட்டிருக்க வேண்டும்.