எஞ்சின் பழுதும் பதிவுக் கருவியும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

இக்காலத்து மோட்டார் வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு சிறு சாக்கெட் அமைந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பதிவுக் கருவி ஒன்றை அதில் செருகி வண்டியை ஓட்டினால், எஞ்சினின் சுழற்சி வேகமும், உட்புகும் காற்றின் அளவும், எரிபொருள் கலவையின் தன்மையும் இடைவிடாமல் பதிவாகின்றன. பட்டறைத் தொழிலுக்கு இன்று பேருதவியாக விளங்கும் இச்சாதனம் அத்தொழிலின் சௌகரியத்தை உத்தேசித்துப் பிறந்ததன்று. ஒரு நகரத்தின் சுவாசக் கஷ்டத்திலிருந்து பிறந்தது.

1943-ஆம் ஆண்டுக் கோடையில் கண்களை எரியச் செய்யும் புகைமூட்டம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்தபோது ஜனங்கள் முதலில் சந்தேகித்தது ஆலைகளைத்தான். நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் ஆராய்ச்சி நடத்திவந்த ரசாயன விஞ்ஞானி ஏரி ஹாகன்-ஸ்மித், வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் வாயுக்கள் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். 1967-இல் ஸ்தாபிதமான கலிபோர்னியா காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. இப்புகையைக் குறைக்க வண்டிகளில் பொருத்தப்பட்ட, வெளிவரும் வாயுக்களைச் சுத்திசெய்யும் மூவழி கன்வெர்ட்டர், ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டியே செவ்வனே இயங்குமாதலால், அவ்விகிதத்தைக் காக்க ஆக்ஸிஜன் சென்சாரும் கம்ப்யூட்டரும் எஞ்சினுக்கு அவசியமாயின.

கம்ப்யூட்டர் வந்தபின் அதன் வாக்கை அறிவது எப்படி என்ற பிரச்சினை எழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1980-களின் தொடக்கத்தில், சாக்கெட்டின் இரு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் செக் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டும். ஒருமுறை சிமிட்டி, சற்று நின்று, இருமுறை சிமிட்டினால் அது 12 என்ற குறியீட்டு எண். கம்பெனிக்குக் கம்பெனி எண்களும் சாக்கெட்டுகளும் வேறுபட்டமையால், ஒரு வண்டியைக் கற்றவன் மற்றொன்றின்முன் நிரக்ஷரகுக்ஷியாகவே நின்றான். 1988-ஆம் ஆண்டு மாடல் முதல் வண்டி தன் பழுதைத் தானே கண்டறிய வேண்டும் என்ற முதற்கட்ட விதியைக் கலிபோர்னியா கொண்டுவந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே சாக்கெட்டும் ஒரே குறியீட்டு முறையும் கட்டாயமாயின. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதியையொட்டி 2010-இல் முதற்கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் அமலுக்கு வந்தன.

எனினும், குறியீடு என்பது நோயின் பெயரன்று, நோயாளியின் முறையீடே என்பது என் திடமான அபிப்பிராயம். P0171 என்ற எண், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. இன்டேக் குழாயில் ஒரு விரிசல் ஏற்பட்டாலும், பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும் அதே எண்தான் வரும். எண்ணை மட்டும் நம்பியவர் நல்ல ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு, பழுது நீங்காமல் வருந்துவார். பதிவேடோ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ஐடிலில் எஞ்சினுக்குட் செல்லும் காற்று மிகச் சொற்பமாதலால், விரிசல் வழியே நுழையும் காற்று அதில் பெரும்பங்காகிறது. கம்ப்யூட்டர் கூடுதலாகச் சேர்க்கும் பெட்ரோலின் சதவீதம் அங்கே உயர்ந்து, வேகம் ஏறியதும் தணிகிறது. பம்ப் தளர்ந்தாலோ, ஐடிலில் குறை தெரியாது. மேட்டில் ஏறும்போதே அச்சதவீதம் ஏறும். காற்றளவைச் சென்சாரில் தூசி படிந்தாலும் இப்பின்னைய சாயலே தோன்றக்கூடுமாதலால், பதிவான காற்றளவு அவ்வேகத்துக்குத் தக்கதா என்பதையும் ஒப்பிட்டறிதல் வேண்டும்.

இத்தகைய ஒப்பீட்டுக்கு விரைவான தகவற்பாதை இன்றியமையாதது. பழைய முறையொன்றில் வினாடிக்குச் சுமார் 10,400 பிட்டுகளே செல்லும். ராபர்ட் போஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் முறையோ கார்களில் 5,00,000 பிட்டுகள்வரை கொண்டுசெல்கிறது. 2008 மாடல் முதல் அமெரிக்காவில் அதுவே கட்டாயமானபின், பல அளவுகளை அடுத்தடுத்துக் குறிப்பது எளிதாயிற்று.

பட்டறைக்கு வந்ததும் மறைந்துவிடும் பழுதே இக்கருவியின் மகத்துவத்தை நன்கு விளக்கும். வண்டி சூடேறியபின் நெடுஞ்சாலையில் கியரிலிருக்கும்போதே திடீரென்று அணைகிறது. ஆறியதும் மீண்டும் கிளம்புகிறது. பதிவேட்டில் அக்கணத்தைத் தேடிப் பார்க்கையில், வேகமானி அறுபது என்று காட்ட, எஞ்சின் சுழற்சி பூஜ்யம் என்று விழுந்திருக்கிறது. கிளட்ச் மிதிக்கப்படாத நிலையில் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆகவே நின்றது எஞ்சினன்று, அதன் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் சமிக்ஞை.